ரிலீஸ் பேரிங் மட்டும் போதுமா, கிளட்ச் செட்டையே மாற்றுவதா?

ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கிவிட்டு வந்த மறுநாள் காலை. சேலத்தில் வீட்டு வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்து கிளட்சை மிதித்தேன். தகரத்தில் மணலைப் போட்டுத் தேய்ப்பது போல உள்ளேயிருந்து ஒரு சத்தம். காலை எடுத்தால் இல்லை. மிதித்தால் மறுபடியும் வந்தது.

மெக்கானிக் அண்ணன் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. இரண்டு முறை பெடலை மிதிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ரிலீஸ் பேரிங் போயிருச்சுங்க. கியர்பாக்ஸ் இறக்கணும். பேரிங் மட்டும் போடறதா, செட்டா போட்டுறலாமா, நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

யோசிக்க வேண்டிய விஷயம்தான். ரிலீஸ் பேரிங் என்பது பெடலை மிதிக்கும்போது கிளட்சை அழுத்திப் பிரித்துவிடும் பேரிங்; செட் என்பது கிளட்ச் பிளேட், அதை இறுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் சேர்ந்தது. பேரிங்கின் விலை சில நூறு ரூபாய். அது உட்கார்ந்திருக்கும் இடமோ என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில். முன்சக்கர இழுவை வண்டியென்றால் ஆக்ஸில் இரண்டையும் உருவி, கியர் ஆயிலை வடித்து, என்ஜினைத் தாங்கிப் பிடித்து, கியர்பாக்ஸைத் தரையில் இறக்கிய பிறகுதான் அதன் முகமே தெரியும். அதனால் நாம் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு பேரிங்குக்குப் போவதில்லை, அந்தக் கதவைத் திறப்பதற்குப் போகிறது. திறந்த கதவுக்குள் எதையெல்லாம் மாற்றுவது என்பதுதான் கேள்வி. இதே கேள்விக்கு ஆறு வருடம் முன்பு, வேறொரு வண்டியில், தப்பான பதில் சொல்லி இரண்டு முறை கூலி கொடுத்தவன் நான். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

சத்தம் யாருடையது?

செலவைப் பேசுவதற்கு முன் சத்தம் ரிலீஸ் பேரிங்கினுடையதுதானா என்று பார்த்துவிட வேண்டும். வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டு, ஏ.சி.யை அணைத்து, பெடலை மெதுவாக, ஒரு விரல் அளவு மட்டும் அழுத்துங்கள். பேரிங் நகர்ந்து போய், பிரஷர் பிளேட்டின் நடுவில் நிற்கும் ஸ்பிரிங் விரல்களான டயபிரம் விரல்களைத் தொடும் இடத்தில் சத்தம் தொடங்கி, இன்னும் மிதிக்க மிதிக்கக் கூடினால் அது ரிலீஸ் பேரிங்.

இதற்கு நேர் எதிராக, காலை எடுத்திருக்கும்போது உர்ரென்று கேட்டு, முழுதாக மிதித்ததும் அடங்கினால் சந்தேகம் இன்புட் ஷாஃப்ட் பேரிங் மேல், அதாவது என்ஜினின் சுழற்சியை கியர்பாக்ஸுக்குள் கொண்டு போகும் தண்டின் பேரிங் மேல் போக வேண்டும். கிளட்சை மிதித்ததும் அந்த ஷாஃப்ட் சுற்றுவது நின்றுவிடும், சத்தமும் நிற்கும். அங்கே ரிலீஸ் பேரிங்கை மாற்றினால் பணம் போகும், சத்தம் போகாது. லேசாகக் கால் வைத்ததும் கடகடப்பு அடங்கினால் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க்கோ அதன் கிளிப்போ தளர்ந்து ஆடிக்கொண்டிருக்கலாம். முழுதாக மிதித்து கியரைப் போட்டு நிற்கும்போது மட்டும் வரும் ஊளைச் சத்தம், இன்புட் ஷாஃப்ட்டின் நுனியை என்ஜின் பக்கத்தில் தாங்கும் பைலட் பேரிங்குக்கு உரியது. ஆனால் சின்ன முன்சக்கர இழுவை வண்டிகள் பலவற்றில் பைலட் பேரிங்கே கிடையாது.

ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். இப்போதைய வண்டிகள் பலவற்றில் பேரிங் எப்போதுமே விரல்களை லேசாகத் தொட்டபடிதான் இருக்கும். அதில் காலை எடுத்திருந்தாலும் கொஞ்சம் சத்தம் கேட்கலாம், மிதித்தால் சத்தத்தின் குரல் மாறும். இன்புட் ஷாஃப்ட் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாமல் நல்ல காது உள்ள ஒருவரிடம் காட்டுவது நல்லது.

இந்தப் பேரிங் செய்யும் வேலை எளிமையானது. பெடலை மிதித்தால் கேபிளோ ஆயிலோ ஃபோர்க்கைத் தள்ளும். ஃபோர்க் பேரிங்கைத் தள்ளும். பேரிங் போய், பிரஷர் பிளேட்டின் நடுவில் பூவிதழ் போல வட்டமாக நிற்கும் டயபிரம் விரல்களை அழுத்தும். விரல்கள் என்ஜின் வேகத்தில் சுற்றுகின்றன, ஃபோர்க் சுற்றாது. இரண்டுக்கும் இடையில் நின்று சண்டை வராமல் பார்த்துக்கொள்வது பேரிங். சிக்னலில் ஒரு நிமிடம் கிளட்சை மிதித்தபடியே நிற்பவர், அந்த ஒரு நிமிடமும் அதை முழுப் பாரத்தோடு சுற்ற வைக்கிறார். எம்.ஜி.பி. மாதிரி பழைய பிரிட்டிஷ் கார்களில் குண்டு வைத்த பேரிங்கே இல்லை, வெறும் கார்பன் வளையம்தான் உராயும். பெடல் மேல் காலை வைத்தபடி ஓட்டுகிறவர்கள் அதைச் சீக்கிரமே தேய்த்துத் தீர்த்துவிடுவார்களாம். இன்றைய பேரிங் அவ்வளவு பாவமில்லை. ஆனாலும் பழக்கத்துக்குத் தகுந்த தண்டனை உண்டு.

இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?

ஓட்டலாம். சத்தம் வந்த அன்றே வண்டி நின்றுவிடாது. மாதக் கடைசியில் சத்தம் வந்தால் சம்பளம் வரும்வரை காத்திருப்பதில் தப்பில்லை. அதற்கு மேல் இழுப்பதில்தான் நஷ்டம். கிரீஸ் எரிந்துபோன பேரிங் இறுகிவிட்டால் அதன் வளையம் சுற்றாமல் நின்றுகொள்ளும். சுற்றும் டயபிரம் விரல்கள் அதன் மேல் உரசி, அரத்தில் ராவியது போலத் தேயும். ஐந்நூறு ரூபாய்ப் பேரிங்கோடு போக வேண்டியது பிரஷர் பிளேட்டையும் கூட்டிக்கொண்டு போகும். வெளியூர்ப் பயணம், மலைப் பாதை இருந்தால் காத்திருக்கவே வேண்டாம்.

பேரிங் மட்டும், அல்லது முழு செட்

எனக்குச் சொல்லப்பட்ட கணக்கு இது. சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக், கேபிள் கிளட்ச். பேரிங் 650 ரூபாய். பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் சேர்ந்த செட் 4,600. கூலி 3,000. கியர் ஆயில், ஆக்ஸில் ஆயில் சீல் எல்லாம் சேர்த்து 1,100. ஆக, பேரிங் மட்டும் என்றால் 4,750. செட் என்றால் 8,700. ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி எண்கள் மாறும். ஆனால் எது பெரிது, எது சிறிது என்ற விகிதம் அநேகமாக இப்படித்தான் இருக்கும்.

மேலோட்டமாகப் பார்த்தால் பேரிங் மட்டும் போட்டால் 3,950 ரூபாய் மிச்சம். உண்மையில் அது மிச்சமில்லை, தள்ளிப்போட்ட செலவு. என்றைக்கு இருந்தாலும் பிளேட் தேயும், அன்றைக்குச் செட் வாங்கத்தான் வேண்டும். அப்போது கூலியும் ஆயிலும் மறுபடி கொடுக்க வேண்டும், செட்டோடு இன்னொரு பேரிங்கும் வரும். இன்று பேரிங், அடுத்த வருடம் செட் என்றால் மொத்தம் 13,450. இன்றே செட் என்றால் 8,700. அதே சமயம், பிளேட் இன்னும் நாலைந்து வருடம் ஓடும் நிலையில் இருந்தால் நல்ல பிளேட்டைக் கழற்றிக் குப்பையில் போடுவதும் வீண்தான்.

அதனால் இந்த முடிவை கியர்பாக்ஸ் மேலே இருக்கும்போது எடுப்பதே தப்பு என்பது என் கட்சி. இறக்கிய பிறகு எடுங்கள். மெக்கானிக்கிடம், "இறக்கிட்டு ஒரு போன் பண்ணுங்க அண்ணே, வந்து பார்த்துட்டு முடிவு பண்ணிக்கலாம்" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஸ்பேர்ஸ் கடையில் செட்டை வாங்கும்போதே, பெட்டி பிரிக்காமல் அன்றே திருப்பித் தந்தால் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழக்கமான கடை என்றால் பெரும்பாலும் சரி என்பார்கள்.

இறக்கியபின் பார்க்க வேண்டியது மூன்று. முதலாவது பிளேட்டின் ரிவிட் ஆழம். பிளேட்டில் உராயும் பகுதியான லைனிங்கின் மேற்பரப்பிலிருந்து ரிவிட்டின் தலை எவ்வளவு பள்ளத்தில் இருக்கிறது என்று வெர்னியரின் வாலை விட்டு அளக்க வேண்டும். பல சர்வீஸ் கையேடுகளில் 0.3 முதல் 0.5 மி.மீ.தான் கடைசி எல்லை. என் பிளேட்டில் ஓரிடத்தில் 0.7, இன்னோரிடத்தில் 0.6. எல்லையைத் தாண்டவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறது. இரண்டாவது, டயபிரம் விரல்களின் நுனி. பளபளப்பு மட்டும் இருந்தால் பரவாயில்லை, நகத்தை வைத்து இழுத்தால் பள்ளம் தட்டுகிறது என்றால் அந்த பிரஷர் பிளேட்டில் புது பேரிங்கைப் போடுவது, தேய்ந்த செருப்புக்குப் புது வார் தைப்பது மாதிரி. எல்லா விரல்களும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். மூன்றாவது ஆயில். பிளேட் ஈரமாக இருந்தால் என்ஜின் பின்பக்க ஆயில் சீலோ கியர்பாக்ஸ் முன்பக்க சீலோ கசிகிறது என்று பொருள். அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் புதிதாகப் போட்டு என்ன பயன்?

இதை வைத்து என் முடிவு இப்படி அமைந்தது. செட் மாற்றி ஒன்றிரண்டு வருடம்தான் ஆகிறது, பேரிங் மட்டும் அகாலமாகப் போயிற்று என்றால் பேரிங் மட்டும். ஆனால் அப்போது, ஏன் அகாலமாகப் போயிற்று என்று ஃபோர்க்கையும், பேரிங் சறுக்கி நகரும் கைடு ட்யூபையும் பார்த்தாக வேண்டும். வண்டியை ஆறு மாதத்தில் விற்கப்போகிறீர்கள் என்றாலும் பேரிங் மட்டும் போதும், வாங்குபவரிடம் உண்மையைச் சொன்னால் சரி. மற்றபடி, வண்டி 60,000, 70,000 கி.மீ. ஓடி, முதல் பிளேட்டே இன்னும் உள்ளே இருக்கிறது என்றால் செட். என் வண்டி 72,000 ஓடியிருந்தது, விரலில் பள்ளமும் இருந்தது. யோசிக்க ஒன்றுமில்லை.

"பிளேட்டும் பேரிங்கும் மாத்திட்டு, கவரை அப்படியே விட்டுறலாம்" என்று நடுவில் ஒரு யோசனை சொல்வார்கள். இங்கே கவர் என்பது பிரஷர் பிளேட். பழைய கவரின் ஸ்பிரிங்குக்குப் புது பிளேட்டை இறுக்கிப் பிடிக்கத் தெம்பு இருக்குமா என்பதை யாரும் பட்டறையில் அளந்து பார்ப்பதில்லை. எனக்கு இந்தப் பாதிக் கல்யாணத்தில் நம்பிக்கை இல்லை.

ஃபோர்க் இல்லாத வண்டிகளுக்கு வேறு கணக்கு

ஃபோர்டு ஃபியஸ்டா, ரெனோ டஸ்டர் போன்ற வண்டிகளில் ஃபோர்க் கிடையாது. பேரிங்கும் அதைத் தள்ளும் சிலிண்டரும் ஒரே துண்டாக, இன்புட் ஷாஃப்ட்டைச் சுற்றி, கிளட்சை மூடியிருக்கும் கியர்பாக்ஸின் முன் உறையான பெல் ஹவுசிங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். ஸ்லேவ் சிலிண்டர் பேரிங் என்று கேட்டால் கடையில் புரிந்துகொள்வார்கள். இதில் பேரிங் மட்டும் தனியாக மாற்ற வழியில்லை, முழுத் துண்டையும் மாற்ற வேண்டும். விலையும் பல மடங்கு.

இந்த வகையில் நான் எதிர்த் திசையிலிருந்தும் கறார். பிளேட் தேய்ந்ததற்காக கியர்பாக்ஸை இறக்கினாலும், சத்தமே போடாத ஸ்லேவ் சிலிண்டரையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும். தேய்ந்த பிளேட்டோடு ஓரிடத்தில் நின்று பழகிய அதன் சீல், புது பிளேட் போட்டதும் வேறு இடத்தில் வேலை செய்ய ஆரம்பிக்கும். அங்கே அழுக்கும் தேய்மானமும் இருந்தால் கசியும். கசியும் ஆயில் நேராகப் போய்ப் புது பிளேட்டை நனைக்கும், பெடல் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மறுபடி கியர்பாக்ஸ், மறுபடி கூலி.

எந்தப் பெட்டி?

வண்டிக் கம்பெனியின் பெயர் போட்ட பெட்டி, கிளட்ச் தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டி, பெயர் ஊர் தெரியாத பெட்டி என்று மூன்று வகை. கார் கம்பெனிகள் தாங்களே கிளட்ச் செய்வதில்லை. வேலியோ, லுக், எக்ஸெடி, சாக்ஸ் மாதிரியான தயாரிப்பாளர்களிடம்தான் வாங்குகின்றன. ஆகவே உங்கள் வண்டியில் கம்பெனியிலிருந்தே வந்த பிளேட்டில் எந்தப் பெயர் இருக்கிறதோ, அதே பெயரின் பெட்டியைக் கடையில் வாங்குவதுதான் காசுக்கு ஏற்ற வழி. நான் அப்படித்தான் செய்தேன். பில்லோடு வாங்குங்கள். நல்ல பெயர்களின் பெட்டிகளுக்குப் போலிகள் உண்டு, பில் தரத் தயங்கும் கடையில் அந்தச் சந்தேகம் கூடும்.

மூன்றாவது வகைப் பெட்டியில் பேரிங் இருநூறு ரூபாய்க்கும் கிடைக்கும். மூவாயிரம் ரூபாய்க் கூலிக்குப் பின்னால் உட்காரப்போகும் சாமானில் நானூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதற்கு நான் தயாரில்லை. சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டிச் சாமான்கள் எவ்வளவோ நல்லது கிடைக்கும். கதவு, கண்ணாடி, கியர்பாக்ஸே கூட வாங்கலாம். ரிலீஸ் பேரிங்கை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். உள்ளே கிரீஸ் எவ்வளவு மிச்சம் என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

பெட்டியைப் பிரித்ததும் ஒரு சோதனை: பழைய பேரிங்கையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உயரம், உள் விட்டம் இவற்றோடு முகத்தின் வடிவமும் ஒத்துப்போக வேண்டும். விரல்களின் நுனி வளைந்திருந்தால் பேரிங்கின் முகம் தட்டையாக இருக்கும். நுனி தட்டையாக இருந்தால் முகம் வளைந்திருக்கும். இது மாறிப்போனால் இரண்டில் ஒன்று தேய்ந்தே தீரும்.

யாரிடம் கொடுப்பது?

கம்பெனி சர்வீஸில் கூலிக்கு அட்டவணை இருக்கும், வேலைக்கு உத்தரவாதம் இருக்கும். பேரிங் மட்டும் என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், செட்தான் என்பார்கள். பக்கத்தில் நின்று பார்க்கவும் முடியாது. நம் தெரு ஷெட்டில் கூலி குறைவு, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்க்கலாம், பழைய சாமானைக் கையில் வாங்கிக்கொள்ளலாம்.

கேபிள் கிளட்ச் உள்ள சின்ன வண்டிக்கு, கை சுத்தமான தெரு மெக்கானிக்கே போதும். ஸ்லேவ் சிலிண்டர் உள்ளே இருக்கும் வண்டி, இரட்டை ஃபிளைவீல் (நடுவில் ஸ்பிரிங்கோடு இரண்டு துண்டாக இருக்கும் என்ஜின் சக்கரம்) உள்ள டீசல் வண்டி, தானே தேய்மானத்தைச் சரிசெய்துகொள்ளும் வகைக் கிளட்ச், இவற்றுக்கெல்லாம் தனிக் கருவிகள் வேண்டும். அங்கே கம்பெனி சர்வீஸோ, இந்த வேலையையே தினம் செய்யும் பெரிய ஷெட்டோதான். சாதாரண ஃபிளைவீலில் நீலம் பாய்ந்திருந்தால் லேத்தில் கொடுத்து முகம் எடுக்கலாம். இரட்டை ஃபிளைவீலை அப்படிச் செய்யலாம் என்று ஒருவர் சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். வீட்டிலேயே இரண்டு ஜாக்கி வைத்துச் செய்துவிடலாம் என்ற யோசனைக்கு என் பதில்: வேண்டாம். கியர்பாக்ஸின் எடை நெஞ்சு மேல் வந்தால் யார் வந்து தூக்குவார்?

பூட்டும் அந்தக் கால் மணி நேரம்

இங்கேதான் ஆறு வருடத்துக்கு முந்தைய கதை. அப்போதும் சத்தம், அப்போதும் கியர்பாக்ஸ் இறங்கியது. நான் பேரிங் மட்டும் போதும் என்றேன். பூட்டிய பையன் நல்ல மனதுக்காரன். கைடு ட்யூப் மேல் விரலால் அள்ளி, இட்லிக்குச் சட்னி மாதிரி கிரீஸைப் பூசினான். நிறைய பூசினால் நிறைய நாள் வரும் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். பெடல் வெண்ணெய் போல இறங்கியது. மூன்று வாரத்தில், முதல் கியரில் வண்டி எடுக்கும்போதெல்லாம் உடம்பு குலுங்க ஆரம்பித்தது. இறக்கிப் பார்த்தால், சூட்டில் இளகிய கிரீஸ் சுழற்சியில் தெறித்து பிளேட் முழுக்க ஒட்டியிருந்தது. பிளேட்டைக் கழுவி மீட்க முடியாது. செட் வாங்கினேன், கூலி இரண்டாவது முறை கொடுத்தேன்.

அதனால் இந்தமுறை ஸ்டூலை நெருக்கிப் போட்டுக்கொண்டேன். அண்ணன் முதலில் பழைய பேரிங்கை என் கையில் கொடுத்துச் சுற்றச் சொன்னார். நல்ல பேரிங் கிரீஸின் கனத்தோடு மெத்தென்று சுற்றி நிற்கும். இது பம்பரம் போலச் சுற்றியது, உள்ளே கரகரவென்று குண்டுகள் தெரிந்தன. புதியதை அவர் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவவில்லை, துணியால் மட்டும் துடைத்தார். அது மூடி போட்ட பேரிங். கழுவினால் உள்ளே நிரப்பியிருக்கும் கிரீஸ்தான் கரைந்து வெளியே வரும்.

கைடு ட்யூபைத் துணியால் துடைத்து, விரலை வட்டமாக ஓட்டிப் பார்த்தார். கோடு விழுந்திருந்தால் பேரிங் அதில் தட்டித் தட்டித்தான் நகரும், பெடலும் இழுத்து இழுத்து இறங்கும், அப்போது ட்யூபையும் மாற்ற வேண்டும். எங்களுடையது சுத்தம். ஃபோர்க்கின் இரண்டு முனைகளில் ஒன்றில் லேசான பள்ளம், இன்னொன்றில் இல்லை. ஒரு பக்கம் மட்டும் அதிகம் தேய்ந்த ஃபோர்க் பேரிங்கைச் சாய்த்துத் தள்ளும் என்று சொல்லி, அதையும் மாற்றச் சொன்னார். முந்நூற்றைம்பது ரூபாய். மறு பேச்சுப் பேசாமல் கொடுத்தேன்.

அப்புறம் கிரீஸ். சூடு தாங்கும் கிரீஸ் ஒரு பட்டாணி அளவு எடுத்து ட்யூப் மேல் தடவி, மறுபடி துணியால் துடைத்தே விட்டார். ஈரம் தெரிந்தது, கிரீஸ் தெரியவில்லை. அதே அளவு ஃபோர்க் முனைகளில், ஃபோர்க் சாய்ந்து ஆடும் இடத்தில். இன்புட் ஷாஃப்ட்டின் பல்லில் பூசி, பிளேட்டை ஒரு முறை ஏற்றி இறக்கி, பிதுங்கி வந்ததைத் துடைத்தார். பேரிங்கின் முகத்தில் ஒன்றுமில்லை. சில பேரிங்குகளின் உள் குழாய் பிளாஸ்டிக்காக இருக்கும். அதில் கிரீஸே கூடாது என்றோ, குறிப்பிட்ட கிரீஸ் மட்டும் என்றோ பெட்டிக்குள் இருக்கும் தாளில் எழுதியிருப்பார்கள். அந்தத் தாளைப் பார்க்காமல் கசக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

பேரிங்கை ஃபோர்க்கில் மாட்டி, கிளிப் இரண்டும் 'டிக்' என்று விழுகிறதா என்று பார்த்தார். ஒரு கிளிப் விழாமல் போனாலும் வண்டி ஓடும், கொஞ்ச நாளில் பேரிங் ஒரு பக்கம் கழன்று சாயும். கையால் ஃபோர்க்கை ஆட்டி, பேரிங் ட்யூபின் முழு நீளத்துக்கும் சறுக்கிப் போய் வருகிறதா என்று நான்கைந்து முறை பார்த்தார். சுத்தியல் எங்கேயும் வரவில்லை. சில பழைய வண்டிகளில் பேரிங்கை அதன் தாங்கியிலிருந்து பிரித்துப் புதியதை அழுத்தி ஏற்றுவார்கள். அதைப் பிரஸ்ஸில் கொடுத்து, இறுகி உட்காரும் வளையத்தின் மேல் மட்டும் அழுத்த வேண்டும். மற்ற வளையத்தில் அடித்தால் அடி குண்டுகள் வழியே போய், புது பேரிங் முதல் நாளே சத்தம் போடும்.

பிளேட்டை நடுவில் நிறுத்த அவரிடம் ஒரு பழைய இன்புட் ஷாஃப்ட் துண்டு இருந்தது. அதைச் செருகி பிளேட்டைத் தாங்கி, பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். ஒரே பக்கமாக இறுக்கினால் கவர் கோணி, விரல்களின் உயரம் மாறிவிடும். பெல் ஹவுசிங்கின் டவல் பின் இரண்டும் இடத்தில் இருக்கின்றனவா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். கண்ணில் படாத அந்தச் சின்னக் குச்சிகள்தான் என்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்துகின்றன. ஒன்று தொலைந்தால் பேரிங் விரல்களின் மேல் மையம் தப்பிச் சுற்றும். காரணம் தெரியாமல் வருடா வருடம் பேரிங் மாற்றுகிறவர்கள் வண்டியில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

ஏற்றும்போது கியர்பாக்ஸின் எடையை ஒரு நொடிகூட பிளேட்டின் மேல் தொங்கவிடவில்லை. பையன் ஒருவன் கீழிருந்து ஜாக்கியில் தாங்க, இவர் ஷாஃப்ட்டைச் சற்றுத் திருப்பித் திருப்பிப் பல்லுக்குள் நுழைத்தார். கடைசி அரை அங்குலம் போகவில்லை. போல்ட்டைப் போட்டு இறுக்கி இழுத்துவிடலாமே என்றேன். "அப்படி இழுத்தா எது உடையுதுன்னு நமக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு, பின்னால் இழுத்து மறுபடி தள்ளினார். கையாலேயே போய் உட்கார்ந்தது. அதன் பிறகுதான் போல்ட்.

ஆயிலில் வேலை செய்யும் கிளட்ச் என்றால் இன்னும் இரண்டு கவனங்கள். கியர்பாக்ஸ் முழுதாகப் பூட்டும் வரை யாரும் பெடலை மிதிக்கக் கூடாது. எதிரே தாங்க விரல்கள் இல்லாததால் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டன் பிதுங்கி வந்துவிடும். பூட்டியபின் ஆயில் குழாயிலிருந்து காற்று எடுக்கும்போதும் பெடலை மெதுவாக இயக்க வேண்டும், பிரேக்குக்குச் செய்வது போல வேகவேகமாகக் குத்தக் கூடாது.

கேபிள் வண்டியில் கடைசி வேலை பெடலின் ஃப்ரீ ப்ளே. கையால் அழுத்தினால் பாரம் தெரிவதற்கு முன் பெடல் சும்மா நகரும் தூரம் அது. வண்டிக்கு வண்டி மாறும், சின்ன வண்டிகளில் சுமார் 10 முதல் 20 மி.மீ. வரை இருக்கும். சரியான எண் கையேட்டில் உண்டு. அறவே இல்லாமல் இறுக்கினால் பேரிங் ஓய்வில்லாமல் சுற்றும், கிளட்ச் வழுக்கவும் செய்யும். அதிகம் விட்டால் கிளட்ச் முழுதாகப் பிரியாமல் ரிவர்ஸ் கியர் கர்ரென்று கத்தும். அண்ணன் ஒரு அடிக்குச்சியைப் பெடலுக்குப் பக்கத்தில் நிறுத்தி 15 வைத்தார்.

மாலை ஆறரைக்கு வண்டி கைக்கு வந்தது. கிளட்ச் செட், ஃபோர்க், கூலி, ஆயில் எல்லாம் சேர்த்து 9,050. பெடல் பழையதைவிட லேசாக, பிடிக்கும் இடம் இன்னும் கீழே. இரண்டு நாள் வண்டி என்னை இழுத்துக்கொண்டு போவது போலவே இருந்தது. ஐந்நூறு கி.மீ. வரை மலைக்குப் போக வேண்டாம், பாரம் ஏற்ற வேண்டாம், ஹாஃப் கிளட்சில் நிற்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஐந்நூறு முடிந்ததும் போய் நின்றேன். அடிக்குச்சியை வைத்துப் பார்த்தார், 12 ஆகியிருந்தது. புது பிளேட் படிந்ததில் இவ்வளவு குறைவது வழக்கம்தான் என்றார். கேபிள் நட்டை ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தி 15-க்குக் கொண்டு வந்துவிட்டு, "இதுக்கெல்லாம் காசு வேண்டாங்க, கிளம்புங்க" என்றார்.